ஆடாத கோடு

பூங்கொடியின் கோடு இன்றும் ஆடவில்லை.

தண்டபாணி காபித் தம்ளரோடு சமையலறை வாசலில் நின்றபடி, சுவரில் மாட்டியிருந்த துயில்மானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் இருவரும் கை வைத்துப் பதிந்த இரண்டு பச்சைக் கோடுகள் கண்ணாடிப் பலகையில் ஓடின. மேலே இருந்தது அவருடையது. ஐம்பத்தேழு வயது ஆளுக்கு இருக்க வேண்டிய சின்னச் சின்ன நெளிவுகளோடு, பார்த்தவர்கள் நம்புகிற மாதிரி இருந்தது. கீழே இருந்தது மனைவியுடையது. அது யாரோ அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி இருந்தது.

"ஏனுங்க, காபி ஆறுது" என்றாள் பூங்கொடி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

"குடிக்கிறேன்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்பது அவருடைய தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம்.

அவர் தொழிலே கோடு பார்ப்பதுதான். கோயம்புத்தூரில் ஒரு பெரிய பம்ப்செட் கம்பெனியில் நம்பகப் பிரிவுக்குத் தலைவர். காலை ஷிப்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் கேட்டில் இருக்கும் துயில்மானியில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தக் கோடுகளெல்லாம் அவர் மேஜைக்கு வந்து சேரும். எவன் கோடு எந்த வாரம் எப்படி நெளிந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆடாத கோட்டுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அந்த ஆள் ஊசி போட்டிருக்கிறான்.

ஊசி போட்டதில் என்ன தப்பு என்று கேட்கக்கூடியவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். சின்ன வயதில் நமக்கெல்லாம் சின்னம்மை போட்டது. வேப்பிலை கட்டி, இளநீர் கொடுத்து, கொப்புளம் உதிர்ந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஆத்தா இறங்கிவிட்டாள் என்று வீட்டைக் கழுவிவிட்டோம். ஆனால் அந்தக் கிருமி வெளியே போகவே இல்லை. முதுகெலும்பையும் மண்டையையும் ஒட்டிய நரம்பு வேர்களில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. முப்பது வருஷமோ ஐம்பது வருஷமோ அங்கேயே தூங்கும். வயதாகி, அல்லது வேறு ஏதோ சீக்கில் உடம்பின் காவல் தளர்ந்தால் எழுந்து, ஒரே ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு நடந்து வரும். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் கிளம்பும். அதைத்தான் அக்கி என்கிறோம்.

துயில்மானியைச் செய்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். கையை வைத்தால் உள்ளே கிருமி புரண்டு படுப்பது கோட்டில் நெளிவாகத் தெரியும். நெளிவைப் பார்த்துப் பயந்தாவது ஐம்பது தாண்டியவர்கள் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தார்கள். சில மாத இடைவெளியில் இரண்டு ஊசி. கை ஓரிரு நாள் வலிக்கும், கொஞ்சம் காய்ச்சலடிக்கும், அவ்வளவுதான். கிருமி உள்ளேயே கிடந்தாலும் காவல் பலமாகிவிடும், அது எழுவது அபூர்வம். முதல் ஊசியிலேயே கோடும் நேராகிவிடும், இரண்டாவதில் அப்படியே நிலைத்துவிடும்.

ஆனால் மனக்கவலையிலும் தூக்கம் கெட்டாலும் கோடு நெளிகிறது என்பதை ஒரு ஜவுளிக்கடை முதலாளி கவனித்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு துயில்மானியை மாட்டினார். கோடு நெளிந்த சிப்பந்தியைக் கூப்பிட்டு விசாரித்தார். அடுத்த வருஷம் பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு கோட்டையும் கேட்டார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்ட ஊர், கோடு பார்த்தாச்சா என்று கேட்க ஆரம்பித்தது. நெளிவுக்கு வயது காரணமாக இருக்கலாம், சர்க்கரை காரணமாக இருக்கலாம், சாதாரணக் காய்ச்சலும் காரணமாக இருக்கலாம். டாக்டர்கள் தொண்டை வறளச் சொன்னார்கள். யார் கேட்டார்கள்? கிருமியின் தூக்கத்தை அளக்கும் கருவியை வாங்கி, அதில் மனசாட்சியை அளந்தோம்.

அப்புறம் ஊசிக்கு என்ன மரியாதை இருக்கும்? உள்ளே ஒன்றும் இல்லாதவனுக்குக் கோட்டை மறைக்க எதற்கு ஊசி என்று ஒரு கேள்வி கிளம்பியது. இலவசமாகவே போட்டாலும் தடுப்பூசி நிலையங்களின் முன்வாசலில் ஈ ஆடவில்லை. பின்வாசலில் ஹெல்மெட் போட்டவர்களும் முந்தானையால் முகத்தை மூடியவர்களும் வந்து போனார்கள்.

கம்பெனியில் இதற்கென்றே ஒரு விதி எழுதியவர் தண்டபாணிதான். ஸ்டோர், கேட், கணக்கு, இந்த மூன்று இடத்திலும் ஊசி போட்டவர்கள் இருக்கக் கூடாது. அந்த விதி முதலில் விழுந்தது ஸ்டோர் கீப்பர் நாச்சிமுத்துவின் தலையில்.

"வீட்டுக்காரிக்கு அக்கி வந்துச்சுங்க சார்" என்று சொன்னார் நாச்சிமுத்து, கைகட்டி நின்றபடி. "கொப்புளமெல்லாம் ஆறிப்போச்சு. எரிச்சல் மட்டும் ஒரு வருஷமாப் போகலீங்க. துணி பட்டாலே அலர்றா. அதப் பாத்துப் பயந்துதான் போட்டுக்கிட்டனுங்க."

ஸ்டோரில் போல்ட், வாஷர் வரைக்கும் எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றும் குறையவில்லை.

"ஒண்ணுமே கெடைக்கலீங்கறதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார் தண்டபாணி. நாச்சிமுத்துவைக் கழிவிரும்பு யார்டுக்கு மாற்றினார். அந்த வாக்கியத்தில் அவருக்கே ஒரு பெருமை. உதவியாளர் மிதுனாவுக்கு அதைப் பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறார்.

இப்போது அவர் வீட்டுச் சுவரிலேயே ஒரு ஆடாத கோடு ஓடிக்கொண்டிருந்தது.

பூங்கொடி எதை மறைக்கிறாள்? முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவள். யோசிக்க யோசிக்க எல்லாமே ஒன்றோடொன்று பொருந்தியது. கொஞ்ச நாளாக போனைக் கவிழ்த்து வைக்கிறாள். பீளமேட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அடிக்கடி போகிறாள். முன்னெல்லாம் அவர் கேட்ட கேள்விக்குப் படபடவென்று பதில் சொல்வாள், இப்போது நிதானமாகச் சொல்கிறாள். நிதானமாகப் பதில் சொல்கிறவர்களை அவர் எப்போதும் இரண்டாவது தடவை விசாரிப்பது வழக்கம்.

ஒரு நாள் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். தண்டபாணி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனார். பஸ் பீளமேட்டில் நின்றது. அவள் இறங்கவில்லை. சிங்காநல்லூரில் இறங்கி, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, தடுப்பூசி நிலையத்தின் பின்வாசலில் நுழைந்தாள். எதிர்ப்பக்கம் பேக்கரி வாசலில் அவர் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டான். ஏதோ சொன்னான். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். பூங்கொடி அப்படிச் சிரித்து அவர் பார்த்து வருஷக்கணக்காகிறது.

சாயங்காலம் அவளே வந்து சொன்னாள். "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தனுங்க. பஸ்ஸுல கம்பியப் புடிச்சிட்டே நின்னது, கையெல்லாம் வலி."

"அப்படியா? அக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

பொய். அவர் கண்ணெதிரே நின்று, கண் இமைக்காமல் ஒரு பொய். அன்றிலிருந்து தூக்கம் போனது. படுத்தால் அந்த வெள்ளைக் கோட்டுக்காரன் வந்து நின்றான். ஊசி போட்டது தெரிந்துவிட்டது. எதை மறைக்க ஊசி போட்டாள் என்பது தெரியவில்லை. தெரியாத அந்த ஒன்று அவரை அரித்துத் தின்றது.

தை பிறந்த சமயம் அது. ஒரு காலை, தலை சீவும்போது வலது நெற்றிக்கு மேல் சீப்பு பட்டதும் சுள்ளென்றது. மறுபடி தொட்டுப் பார்த்தார். தோலில் ஒன்றும் இல்லை, ஆனால் உள்ளே யாரோ கொதிக்கிற எண்ணெயைச் சொட்டவிடுகிற மாதிரி எரிந்தது. பூங்கொடி குளிக்கப் போயிருந்தாள். துயில்மானியில் கையை வைத்தார். மேல் கோடு பலகையின் விளிம்புவரை எழும்பி விழுந்தது. இத்தனை வருஷத்தில் எந்தத் திருடனின் கோடும் அப்படிக் குதித்து அவர் பார்த்ததில்லை.

இந்தக் கோட்டோடு கேட்டில் போய்க் கையை வைத்தால்? தினமும் முன்மாதிரியாக முதல் கையை வைப்பவர் அவர்தான். கேட்டில் நிற்கிறவன் பார்ப்பான், மிதுனா பார்ப்பாள். டாக்டரிடம் போகலாம் என்றால் அவர்கள் அக்கி என்று பதிவு செய்வார்கள், அது ஊருக்கே தெரிந்துவிடும். அக்கி வந்த ஆள் என்றால் அவ்வளவு பெரிய கள்ளத்தனம் உள்ளே இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அவரே எத்தனை பேரை அப்படிச் சொல்லியிருக்கிறார்.

விதி எழுதினவனுக்குத்தான் அதன் சந்து தெரியும். பழனிக்கு மாலை போட்டவர்கள் விரதம் முடிகிறவரை கையை வைக்க வேண்டாம் என்று அவரே ஒரு விலக்கு எழுதியிருந்தார். விரதத்தில் பசியும் தூக்கக்குறைவும் இருக்கும், கோடு நெளியும் என்று காரணம் சொல்லியிருந்தார். உண்மையில் முதலாளி வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர், அவர் மனம் குளிரட்டும் என்று எழுதியது. தண்டபாணி அன்றைக்கே மாலை போட்டுக்கொண்டார். காவி வேட்டி கட்டினார். வீட்டிலும் கையை வைப்பதை நிறுத்தினார்.

அடுத்த நாள் நெற்றியில் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பின. பேரூர்ப் பக்கம் மண்பானை செய்கிற ஒருவர் அக்கி எழுதுவார் என்று கேள்விப்பட்டுப் போனார். எழுத்து என்றால், காவிக்கல்லைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைவது. துயில்மானி வந்தபிறகு அந்த மனிதருக்குப் பானை வனைய நேரமில்லை. அவர் கையை வைக்கச் சொல்லமாட்டார், எதையும் கேட்கவும் மாட்டார். அதற்காகவே அவர் வாசலில் கூட்டம். தண்டபாணியின் நெற்றியில் சிங்கம் எழுதி அனுப்பினார். காவிச் சிங்கத்தின் மேல் தண்டபாணி விபூதியைப் பட்டை பட்டையாக அப்பிக்கொண்டார். கம்பெனியில் எல்லாரும் சாமி என்று கும்பிட்டார்கள்.

வீட்டில் மட்டும் பூங்கொடி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"பழனிக்கு எப்பங்க வேண்டுனீங்க?"

"வேண்டுதல வெளிய சொல்லக் கூடாது."

"மருதமலைக்குக் கூப்பிட்டாலே வேல இருக்குதும்பீங்க. இப்ப எனக்குத் தெரியாம என்ன வேண்டுதல்?"

"சாமி காரியத்துல எதுக்குக் குறுக்குக் கேள்வி?" என்று சொல்லிவிட்டு, விரதக்காரர் என்ற சாக்கில் பாயை எடுத்துக்கொண்டு முன்ரூமுக்குப் போனார். அவர் போன பிறகும் அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்கிற முறை இப்போது அவளுடையது.

இப்படியே நாலைந்து நாள் ஓடியது. வலது கண் சிவந்து நீர் கொட்டியது. விபூதி பட்டுவிட்டது என்றார். வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது பூங்கொடி ரசத்தை ஊற்றப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மூக்கு நுனியில என்னுங்க அது?"

"கொசு."

அவள் கரண்டியை வைத்தாள். ஈரத்துண்டை எடுத்துவந்து, அவர் கையைத் தட்டிவிட்டு, நெற்றியைத் துடைத்தாள். விபூதிக்கு அடியில் காவிச் சிங்கம் இருந்தது. சிங்கத்துக்கு அடியில் கொப்புளங்கள் உடைந்து கிடந்தன. பூங்கொடிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"மூக்குல வந்தா கண்ணுக்குப் போகுதுன்னு அர்த்தமுங்க. ஊசி போட்ட எடத்துல படம் போட்டு ஒட்டியிருக்காங்க. எந்திரிங்க."

ஊசி போட்ட இடம் என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது. இருவருமே அதைக் கவனித்தார்கள்.

ஆளில்லாமல் ஓடும் தானோடியில் கண்ணாஸ்பத்திரிக்குப் போனபோது, கண்ணைப் பொத்திக்கொண்டே தண்டபாணி கேட்டார். "எதுக்குப் புள்ள ஊசி போட்டே?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"பின்னாலயே வந்தேன்."

பூங்கொடி வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "காலைல எந்திரிச்சா நீங்க என் மூஞ்சியப் பாக்கறதில்ல. கோட்டத்தான் பாக்கறீங்க. சித்த நெளிஞ்சிருந்தாப் பொழுதுக்கும் கேள்வி. யாரோட பேசுன, என்ன கவல, எதுக்கு வெசனம்னு. அந்தக் கேள்விக்குப் பயந்தே மக்யாநாளு காலைல இன்னும் நெளியும். நீங்க இன்னும் கேப்பீங்க. இப்படியே போனா அக்கியில கொண்டுபோய் விட்ரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. போட்டுட்டு வந்தேன். எனக்கு வேற என்னத்த மறைக்க இருக்குது?"

"அந்த வெள்ளக் கோட்டுக்காரன் என்ன சொன்னான்? அப்படிச் சிரிச்சியே."

இந்த நிலைமையிலும் இதைக் கேட்கிறாரே என்று அவள் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டாவது ஊசியும் போட்டாச்சு, இனிமே உங்க கோட்டப் பாத்து யாரும் ஒண்ணையும் கண்டுபுடிக்க முடியாதும்மான்னாரு. சிரிச்சேன்."

அது வெறும் நிம்மதியில் வந்த சிரிப்பா, இல்லை வேறு எதற்காவதா? தண்டபாணிக்குக் கண் எரிந்தது.

கண் டாக்டர் ரெஹானா சுற்றி வளைக்காமல் பேசினார். "கொப்புளம் கெளம்புன மூணு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது சார். இப்பவும் கொடுக்கறேன். கண்ணு முழுசாப் போகாமக் காப்பாத்தப் பாக்கலாம். ஆனா கருவிழியில தழும்பு விழுந்திருச்சு. நெத்தியில எரிச்சல் எத்தன மாசம் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது. எல்லாம் ஆறுனதும் ஊசி போட்டுக்கோங்க. ஒரு தடவ வந்தவங்களுக்குத் திரும்ப வராதுன்னு இல்ல."

வலது கண்ணுக்கு உலகம் ஈரக்கண்ணாடிக்கு அப்பால் போனது. இடதை மூடினால் பூங்கொடி ஒரு கலங்கிய நிறமாகத் தெரிந்தாள். நெற்றியில் காற்று பட்டாலே கத்தத் தோன்றியது. நாச்சிமுத்துவின் மனைவி துணி பட்டு அலறியது ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அதை ஒரு சாமர்த்தியமான கதை என்றுதான் நினைத்திருந்தார்.

கம்பெனிக்குத் திரும்பியபோது அவர் நாற்காலியில் மிதுனா உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த நாற்காலியை மரியாதையாகக் காட்டினாள்.

"அக்கி வர்ற அளவுக்கு என்னங்க சார் வெசனம்?"

"வீட்டு விஷயம்மா."

"விரதம்னு சொன்னீங்க. அதுவும் பொய்யாப் போச்சு. சாமி பேர்லயே பொய் சொல்றவரு வேற எதுல சொல்லியிருக்க மாட்டாருன்னு நாங்க எப்படிங்க சார் நம்பறது?"

அவர் கையெழுத்துப் போட்ட காகிதங்களையெல்லாம் புரட்டினார்கள். அவருடைய அலமாரியைத் திறந்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. மிதுனா குரலை உயர்த்தாமல் சொன்னாள். "ஒண்ணுமே கெடைக்கலீங்கறதுதான் சார் எனக்குச் சந்தேகமா இருக்கு."

நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தாள்.

விசாரணை முடிகிறவரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். நெற்றி ஆறியதும், ஊசி போடுவதா வேண்டாமா என்று தண்டபாணி பல நாள் மல்லுக்கட்டினார். போட்டால் கோடு நேராகிவிடும், பிறகு அவர் நிரபராதி என்று சுவர் எந்தக் காலத்திலும் சொல்லாது. போடாவிட்டால் இன்னொரு கண் இருக்கிறது. கண்தான் ஜெயித்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சிங்காநல்லூர் பின்வாசலுக்குப் போனார். அங்கே பெஞ்சில் இன்னொரு ஹெல்மெட் உட்கார்ந்திருந்தது. அதன் கையில் நவரத்தின மோதிரம், கழுத்தில் இன்னும் கழற்றாத பழனி மாலை. தண்டபாணி அந்த மோதிரக் கையிலிருந்து எத்தனையோ தடவை போனஸ் கவர் வாங்கியிருக்கிறார். முதலாளி கேட்டில் கையை வைக்கவேண்டியதில்லை என்பதை அவர் அதுவரை யோசித்ததே இல்லை. இரண்டு ஹெல்மெட்டுகளும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

இரண்டாவது ஊசியும் போட்டபின், அவர் எழுதிய விதிப்படியே அவரைக் கழிவிரும்பு யார்டுக்கு மாற்றினார்கள். நாச்சிமுத்து வாசலில் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்க சார். இங்க கையை வெக்கச் சொல்ல மாட்டாங்க. தேவையில்லீங்கல்ல."

அவர் கிண்டல் செய்தாரா, ஆறுதல் சொன்னாரா என்று தண்டபாணியால் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போதெல்லாம் எதையுமே கண்டுபிடிக்க முடிவதில்லை.

மறுநாள் காலை காபித் தம்ளரோடு துயில்மானியின் முன் நின்றார். பழக்கம் விடவில்லை. மேலே ஒரு நேர்கோடு, கீழே ஒரு நேர்கோடு. நெற்றி விடிய விடிய எரிந்திருந்தது. அதைவிட மோசமாக, அந்த வெள்ளைக் கோட்டுக்காரன் எதிரே பூங்கொடி சிரித்த சிரிப்பும் கூடவே இருந்தது.

பூங்கொடி பின்னால் வந்து நின்றாள். மேல் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?"

எத்தனையோ வருஷமாக இந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது. சுவரே சொல்லிவிடும் என்பதால் கேட்கத் தேவை இருந்ததில்லை.

"தூங்குனேன்" என்றார் தண்டபாணி.

"சரி" என்றாள் அவள்.

நம்பிவிட்டாளா? ஒரு கண் கலங்க, மறு கண்ணால் அவளுடைய கோட்டைப் பார்த்தார். அது நேராக இருந்தது.